சோற்றுக்குப் பயப்படும் பிள்ளைகள்... கைகொடுக்குமா கைபேசி?

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஏரியில் தண்ணீர் நின்றுவிட்டால் சுற்றுவட்டார வயலெல்லாம் பச்சைதான். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரைக்காக நாம் கற்பனை செய்துகொள்ளும் பெண்தான் அவள். ஆனால், அவளுக்கு நடப்பவை கற்பனை இல்லை. மனநல மருத்துவர்கள் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிவைத்தவை.

காலையில் ‘பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா’ என்று இட்லியைத் தொடாமல் கிளம்புகிறாள். மதியச் சாப்பாட்டு டப்பா தோழிகளிடம் போய்விடுகிறது. மாலையில் கேட்டால், ‘ஸ்கூல்லயே நல்லா சாப்ட்டேன்’. இரவு வீடு தூங்கியபின் அடுப்படிக்கு வருகிறாள். மீந்த சோறு, ஆறிப்போன குழம்பு, தம்பிக்கு வாங்கிவைத்த பிஸ்கட் என எது கிடைத்தாலும் உள்ளே போகிறது. ருசி தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. பிறகு தோட்டத்துப் பக்கம் போய் சத்தம் வராமல் வாந்தி எடுக்கிறாள். மறுநாள் அதற்குத் தண்டனையாக முழுப் பட்டினி.

அம்மாவுக்குத் தெரிவது வேறு. முடி கொட்டுகிறது, கன்னம் உப்பியிருக்கிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, நெஞ்சு எரிகிறது என்கிறாள். ஒரு டாக்டர் ‘அல்சர்’ என்று மாத்திரை எழுதுகிறார். ‘கண்ணு பட்டிருக்கு’ என்று ஆயா மந்திரித்த கயிறு கட்டிவிடுகிறார். பிள்ளைக்கு வந்திருப்பது மனநோய் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய காரணமும் இல்லை, ஏனென்றால் யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

இந்த நோய்க்குப் பெயர் புலிமியா. லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-ல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைச் சுருக்கிச் சுருக்கி எலும்பும் தோலுமாகிவிடுவது அனோரெக்ஸியா. வாந்தி, பட்டினி எதுவும் இல்லாமல் அளவுகடந்து சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் புழுங்குவது பிஞ்ச் ஈட்டிங். உணவுக் கோளாறு நோய்களில் முக்கியமானவை இந்த மூன்றும். மனநோய்களில் உயிர்ப்பலி அதிகம் வாங்குபவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று விழுந்துவிடுவதுண்டு. பிடிவாதம், அழகு மோகம், வயசுக் கோளாறு என்றெல்லாம் சொல்லித் தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

பட்டணத்து வியாதியா?

‘இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவது’ என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மருத்துவர்களிடமும் வெகுகாலம் இருந்தது. ஆனால் நம் பக்கத்திலேயே ஆதாரங்கள் கிடக்கின்றன. சென்னையில் டி.என்.ஸ்ரீனிவாசன் குழுவினர் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1998-ல் வெளியானது. முழு நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும் உணவு, எடை பற்றிய தீராத உளைச்சல் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்கு இருந்தது. பெங்களூரு மனநல மருத்துவர்களிடம் பிரபா சந்திரா குழுவினர் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவிலிருந்து 2007-ல் வந்த ஆய்வு. சில ஆண்டுகளில் அங்கு வந்த பிள்ளைகளின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியதில் 41 பேருக்கு உணவுக் கோளாறு இருந்தது. அவர்களில் அனோரெக்ஸியா 6 பேருக்குத்தான். மீதி 35 பேருக்கும் இருந்தது மனஉளைச்சலால் வரும் வாந்தி. அதாவது, நம் பிள்ளைகள் ‘நான் குண்டாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘வயிறு உப்புசமாயிருக்கு’, ‘பசிக்கலை’, ‘சாப்பிட்டாலே குமட்டுது’ என்றுதான் வருகிறார்கள். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருக்கும் முகத்தைத் தேடினால் புதுச்சேரியின் வில்லியனூர் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் நிற்கும் பிள்ளையைத் தவறவிட்டுவிடுவோம்.

கிராமம் என்பதால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஃபிஜித் தீவின் நாட்ரோகா பகுதிக்கு 1995-ல் டி.வி. வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர் அப்போதே பள்ளிப் பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். மூன்றாண்டு கழித்து மறுபடி கேட்டார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவர்கூட இல்லை. 1998-ல் நூற்றுக்கு 11 பேர். வாட்டசாட்டமான உடம்பைப் பெருமையாகக் கருதிய ஊர் அது! டி.வி.க்கே அப்படி என்றால், விடிந்ததிலிருந்து ரீல்ஸ் ஓடும் இன்றைய கைபேசியை என்ன சொல்ல? இன்ஸ்டாகிராம் நடத்தும் நிறுவனத்தின் உள் ஆய்வுகள் 2021-ல் அம்பலமாயின. பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடல் பற்றிய தாழ்வு எண்ணத்தை அந்தச் செயலி மோசமாக்குகிறது என்று அந்த நிறுவனமே எழுதிவைத்திருந்தது.

புதுச்சேரிக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்குள்ள பெண்களில் நூற்றுக்கு 46 பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. ‘உடம்பைக் குறை’ என்ற அறிவுரையும் ‘தெம்பாச் சாப்பிடு’ என்ற அறிவுரையும் ஒரே வீட்டில், ஒரே பெண் காதில் விழுகின்றன. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதல் அறிவுரையின் சத்தம் கூடிவிடும்.

நோட்டுப் புத்தகத்திலிருந்து செயலிக்கு

இந்த நோய்களுக்கு, குறிப்பாகப் புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும், நல்ல ஆதாரம் உள்ள பேச்சு சிகிச்சை இருக்கிறது. ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அது. அதன் அஸ்திவாரம் மிக எளிமையானது: சாப்பிட்டவுடனே எழுதிவைப்பது. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, யாரோடு, அப்போது மனசு எப்படி இருந்தது, வாந்தி எடுத்தேனா? கலோரி எழுதவே கூடாது. அடுத்தபடியாக, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. பகல் பட்டினிதான் இரவு வெறியைக் கிளப்புகிறது என்பது எழுதிப் பார்த்த இரண்டு வாரத்தில் நோயாளிக்கே புரிந்துவிடும். சிகிச்சையின் பாதி வேலை அந்தப் புரிதலில் முடிகிறது.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு தொல்லை. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு யாரும் நோட்டு எழுதமாட்டார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தைய இரவு, ஏழு நாள் கணக்கையும் ஒரே பேனாவில் எழுதி முடிப்பார்கள். ஆத்திரத்தில் சாப்பிட்டதும் அழுததும் அதற்குள் மறந்திருக்கும். கைபேசி உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். யாரும் சந்தேகப்படாமல் எங்கே வேண்டுமானாலும் தட்டலாம். பதிவு செய்த நேரமும் தானாக விழுந்துவிடும்.

2010-களின் தொடக்கத்தில் வெளிவந்த ‘ரெக்கவரி ரெக்கார்ட்’ இந்த வகைச் செயலிகளில் பரவலாக அறியப்பட்டது. ஜென்னா ட்ரெகார்தென் என்ற உளவியலாளர் உருவாக்கியது. 2015-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளர்களின் விவரம் கிடைத்திருந்தது. வேளாவேளைக்கு நினைவூட்டும், சாப்பிட்டதைக் கேட்கும், மனநிலையைக் கேட்கும். நோயாளி சம்மதித்தால் அவருடைய தெரபிஸ்ட் இன்னொரு முனையில் அதைப் படிக்கலாம்.

நம் பாகூர்ப் பெண்ணின் கைபேசியில் இப்படி ஒரு தமிழ் டைரி இருந்தால் எப்படி இருக்கும்? ஒரு நாளின் பக்கம் இது:

காலை 7.20. ஒரு இட்லி, சட்னி. நின்றுகொண்டே. மனசு: பரவாயில்லை.
மதியம் 12.50. தயிர்சாதம், பாதி டப்பா. வகுப்பில், தோழிகளோடு. மனசு: வயிறு வெளியே தெரிகிறதோ என்று பயம்.
மாலை 4.30. எதுவும் இல்லை. டியூஷன்.
இரவு 8.15. இரண்டு தோசை. அப்பா, தம்பியோடு. அத்தை வந்திருந்தார், ‘கொஞ்சம் பூசினாப்ல இருக்கியே’ என்றார். மனசு: அழுகை.
இரவு 11.40. சோறு, குழம்பு, பிஸ்கட் ஒரு பாக்கெட். தனியாக. வாந்தி எடுக்கத் தோன்றியதா: ஆமாம். எடுத்தாயா: இல்லை, மாடியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஐந்து பதிவுகளில் ஒரு தெரபிஸ்டுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே ஏழு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு, அதன்மேல் அத்தையின் ஒரு வார்த்தை, பிறகு அடுப்படி. அடுத்த வாரம் நேரில் பார்க்கும்போது ‘ஏன் இவ்வளவு சாப்பிட்டாய்’ என்று அவர் கேட்கமாட்டார். ‘டியூஷனுக்குப் போகும்போது பையில் இரண்டு வாழைப்பழமோ வேர்க்கடலை உருண்டையோ இருக்கட்டும்’ என்பார். ‘மாடிக்குப் போனாய் பார், அது பெரிய காரியம்’ என்று கடைசி வரியைச் சுட்டிக்காட்டுவார். நோட்டுப் புத்தகமாக இருந்தால் அந்த மாடி வரி எழுதப்படாமலே போயிருக்கும்.

ஆதாரம் என்ன சொல்கிறது?

செயலிகள் மீது எனக்குள்ள நம்பிக்கை அளவோடு வந்தது. காரணம், ஆய்வுகள். ஃபேர்பர்னும் எமிலி ராத்வெல்லும் 2015-ல் உணவுக் கோளாறு சம்பந்தமாகச் சந்தையில் கிடைத்த 805 செயலிகளைச் சலித்தார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளத் தக்கவையாகத் தேறியவை 39. செயலிகள் மீதான உற்சாகம் ஆதாரத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது என்று எழுதினார்கள். 2017-ல் அமெரிக்காவில் டாம் ஹில்டபிராண்ட் குழுவினர் 66 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழிகாட்டியோடு கூடிய சுயஉதவி சிகிச்சை கிடைத்தது. ஒரு பாதிக்கு மட்டும் கூடவே ஒரு செயலி. செயலி வைத்திருந்தவர்களுக்கு ஆரம்பத்தில் முன்னேற்றம் நன்றாகவே தெரிந்தது. ஆனால், சிகிச்சை முடிந்து மாதங்கள் போகப்போக இரு தரப்புக்கும் வித்தியாசம் மங்கிவிட்டது. ஸ்பெயினில் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்த செயலியோ வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை.

நல்ல தெரபிஸ்டிடம் வாரம் தவறாமல் போகிறவருக்குச் செயலி பெரிதாக எதையும் கூட்டித் தரவில்லை என்றுதான் இந்த முடிவுகளை நான் படிக்கிறேன். தெரபிஸ்டே இல்லாத இடத்தில்?

அதற்கு விடை 2020-ல் வந்தது. அமெரிக்காவின் 27 பல்கலைக்கழகங்களில் உணவுக் கோளாறு இருந்த 690 மாணவிகளை எலன் ஃபிட்ஸ்சிம்மன்ஸ்-கிராஃப்ட் குழுவினர் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம் ‘கல்லூரி மனநல மையத்துக்குப் போங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். மற்றப் பிரிவுக்கு இணையம், கைபேசி வழியாகவே சிகிச்சை. கூடவே எழுதுவதைப் படித்துப் பதில் போட ஒரு பயிற்றுநர். மையத்துக்குப் போகச் சொன்னவர்களில் நூற்றுக்கு 28 பேரே சிகிச்சையைத் தொடங்கினார்கள். கைபேசிப் பிரிவில் 83 பேர். நோயின் கடுமையும் அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தணிந்தது. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மையம் இருந்தும் முக்கால்வாசிப் பேர் போகவில்லை! பாகூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி வந்து, இன்னொரு பஸ் பிடித்துக் கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி நிற்க வேண்டிய பெண்ணை நினைத்துப்பாருங்கள். இந்த ஆய்வு அவளுக்காகவே நடத்தப்பட்டதுபோல எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதில் ஒரு பயிற்றுநர் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறுச் சங்கம் 2023-ல் தன் உதவித் தொலைபேசியை மூடிவிட்டு ‘டெஸா’ என்ற உரையாடல் இயந்திரத்தைக் காட்டியது. உதவி தேடி வந்தவர்களுக்கு அது கலோரியைக் குறைக்கும் யோசனை சொன்னது. புகார் கிளம்பியதும் அவசரமாக நிறுத்தினார்கள். சாகப் பயந்து வந்தவளிடம் இன்னும் கொஞ்சம் பட்டினி கிட என்று சொல்லும் இயந்திரத்தை எந்த ஊருக்கும் அனுமதிக்கக் கூடாது.

கலோரி எண்ணும் செயலிகளும் இதே ரகம்தான். உணவுக் கோளாறு உள்ள 105 பேரிடம் 2017-ல் அமெரிக்காவில் கேட்டபோது முக்கால்வாசிப் பேர் ‘மை ஃபிட்னஸ் பால்’ பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 73 பேர் அது தங்கள் நோய்க்குத் தூபம் போட்டதாகச் சொன்னார்கள். ப்ளே ஸ்டோரில் தேடினால் டயட் செயலியும் சிகிச்சைச் செயலியும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். பெற்றோருக்கு அடையாளம் சொல்கிறேன்: கலோரி கேட்டால், எடையைத் தினமும் கேட்டால், ‘இன்று இவ்வளவுதான் சாப்பிடலாம்’ என்று கணக்குக் காட்டினால், அது இந்த நோய்க்கு ஆகாது.

ஒரு வீட்டுக்கு ஒரு போன்

இதையெல்லாம் அப்படியே கொண்டுவந்து வில்லியனூரிலும் பாகூரிலும் இறக்கிவிட முடியாது. முதல் இடைஞ்சல், போன் யாருடையது என்பது. பல வீடுகளில் அது அப்பாவுடையது, இல்லையென்றால் அண்ணனுடையது. பிள்ளை கையில் இருந்தாலும் பூட்டுக் குறியீடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரவு எட்டு மணிக்கு ‘வாந்தி எடுத்தீர்களா?’ என்று திரையில் ஒரு வரி மின்னினால், அதைத் தம்பி படித்துவிட்டால், அந்தப் பெண் மறுநாளே செயலியை அழித்துவிடுவாள். நினைவூட்டல் ‘சாப்பிட்டாச்சா?’ என்று மட்டும் கேட்கட்டும். நம் ஊரில் எவரும் எவரையும் கேட்கும் கேள்வி. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். செயலிக்குத் தனிப் பூட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் எழுதி வைத்துப் பிறகு அனுப்பும் வசதியும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது மொழி. புகழ்பெற்ற செயலிகள் ஆங்கிலம் பேசும் நாடுகளில் பிறந்தவை. அவற்றின் சாப்பாட்டு நேரமும் உதாரணங்களும் அந்த ஊருடையவை. இங்கே பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் கூழும் கடையில் வாங்கும் பரோட்டாவும் எழுத வழி வேண்டும். தட்டச்சு வராதவர்கள் பேசிப் பதிவு செய்ய வேண்டும். விரதங்களையும் கேட்க வேண்டும். ஆடியில், புரட்டாசியில், தவக்காலத்தில், ரமலானில் நோன்பிருப்பது நம்பிக்கை. அந்த நாட்களைச் சாக்காக வைத்து நோய் ஒளிந்துகொள்வதும் உண்டு. வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தன்று தெருவே அன்னதானம் வாங்கிச் சாப்பிடும்போது, கூட்டத்தில் கையில் தொன்னையோடு சாப்பிடாமல் நிற்கும் பெண்ணுக்கு அன்று காலையே ‘இன்றைக்கு என்ன செய்யலாம்’ என்று ஒரு செய்தி வந்திருக்க வேண்டும். அதை இந்த ஊர் தெரிந்த ஒருவரால்தான் எழுத முடியும்.

பையன்களையும் விட்டுவிடாதீர்கள். புரோட்டீன் பவுடர் டப்பாவும் ஜிம் கண்ணாடியுமாகத் திரியும் இளைஞர்களில் சிலரும் இதே நோயின் இன்னொரு முகத்தோடு இருக்கிறார்கள். ‘உடம்பை ஏத்துறான்’ என்று ஊர் பாராட்டுவதால் அவர்களுக்கு உதவி இன்னும் தாமதமாகவே போய்ச் சேர்கிறது.

அந்தரங்கம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால், அம்மா அப்பாவிடம் வாய் திறக்க முடியாமல்தான் பல பிள்ளைகள் செயலியைத் தேடுகிறார்கள். இதற்கு ஒரே வழி, பெற்றோரையும் சிகிச்சைக்குள் கூட்டிவருவது. பதின்வயது அனோரெக்ஸியாவுக்குக் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் சிகிச்சையைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். அதில் தட்டில் சோறு போடும் பொறுப்பே பெற்றோருடையது.

சுற்றிலும் மருத்துவக் கல்லூரிகள்

புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன்களில் வில்லியனூரும் பாகூரும் இரண்டு. கிருமாம்பாக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி, பிள்ளையார்குப்பத்தில் ஒன்று, அரியூரில் ஒன்று. ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற சுகாதார மையம். ஆரம்ப சுகாதார நிலையங்கள், கரிக்கலாம்பாக்கத்தில் சமுதாய நலவழி மையம். இந்தியாவில் எத்தனை கிராமங்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? இவ்வளவு இருந்தும் ஒரு பிள்ளை ‘அல்சர்’ மாத்திரையோடு மாதக்கணக்கில் அலைய நேர்ந்தால், அதைப் பற்றாக்குறை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

கேள்விகள் கடினமானவை இல்லை. 1999-ல் பிரிட்டனில் உருவான ‘ஸ்காஃப்’ சோதனையில் ஐந்தே கேள்விகள். வயிறு நிறைந்துவிட்டதே என்று நீயாக வாந்தி எடுக்கிறாயா, சாப்பாட்டை நிறுத்த முடியாமல் போகிறதா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் இளைத்தாயா, மற்றவர்கள் ஒல்லி என்றாலும் நீ குண்டு என்று நினைக்கிறாயா, நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்புத்தானா? இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். நம் பிள்ளைகள் குமட்டல், உப்புசம் என்று வருவதால் அதையும் சேர்த்துக் கேட்கலாம். ஒரு ஏ.என்.எம். சகோதரி இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடுவார். பல் மருத்துவர்களும் கேட்க வேண்டும். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களின் முன்பற்கள் உட்புறம் அரித்திருப்பது முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

தூரத்தை இணைப்பில் கடந்த முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னையின் ஸ்கார்ஃப் மனநலத் தொண்டு நிறுவனம் 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் நோயாளி உட்கார்ந்து திரையில் சென்னை மருத்துவரிடம் பேசுவார், மருந்து அங்கேயே கிடைக்கும். கூடவே ஊர் தெரிந்த பணியாளர்கள் இருந்தார்கள், வீடு தேடிப் போனார்கள். இன்று பஸ்கூடத் தேவையில்லை. ஆனால் அந்தப் பணியாளர்களைப் போன்றவர்கள் இல்லாமல் எந்தச் செயலியும் ஓடாது.

புதுச்சேரி நலவழித்துறைக்கும் இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகளுக்கும் நான் வைக்கும் கோரிக்கை இதுதான். தமிழில் எளிமையான ஒரு சாப்பாட்டு டைரிச் செயலியைச் சேர்ந்து உருவாக்குங்கள். முதலில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மட்டும் சோதியுங்கள். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு செவிலியருக்கோ கவுன்சலருக்கோ பயிற்சி கொடுத்து, அந்தப் பதிவுகளைப் படிக்கவும் பதில் போடவும் அவர் வேலை நேரத்தில் இடம் ஒதுக்குங்கள். வேலை நேரத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே பத்துப் பதிவேடு எழுதும் பெண்ணின் தலையில் பதினொன்றாவதாக இதையும் ஏற்றினால் திட்டம் தொடங்கிய மாதமே செத்துவிடும். சிக்கலான கேஸ்களை மேலே இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பார்க்கட்டும். ஆறு மாதம் கழித்து முடிவுகளை, நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், வெளியிடுங்கள். போன் இல்லாத வீட்டுக்கு நாற்பது பக்க நோட்டும் அதே மரியாதையோடு கொடுக்கப்பட வேண்டும்.

செயலி போதாத நேரங்களும் உண்டு. மயக்கம் போட்டு விழுவது, நெஞ்சு படபடப்பு, கை கால் மரத்து இழுப்பது, வாந்தியில் ரத்தம், சில வாரங்களிலேயே மளமளவென்று இளைப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு ஆகிய எது தெரிந்தாலும் டைரியெல்லாம் பிறகு. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. ரத்தத்தின் உப்புகள் சரிந்து உயிருக்கே உலை வைக்கும். அதையும் மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்: உங்கள் பிள்ளை சாப்பிட்டதும் தோட்டத்துப் பக்கம் போய் நெடுநேரம் வராவிட்டால், சாப்பாட்டு டப்பா தினமும் சுத்தமாகக் கழுவியே வந்தால், திட்டாதீர்கள், பின்னாலேயே போய் வேவு பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘என்னமோ கஷ்டப்படுறேன்னு தெரியுது கண்ணு, டாக்டர்கிட்ட சேர்ந்தே போலாம்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவளது உடம்பைப் பற்றி, ஒல்லி என்றோ பூசினாற்போல் என்றோ, வீட்டுக்கு வரும் யாரும் பேசக் கூடாது என்று சொந்தக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு போன் பண்ணுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் அது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். பட்டன் போனிலிருந்தும் கூப்பிடலாம்.